தாள் போடும் நேரம்

பூஞ்சணம் பிடித்த வீடியோ டேப்புக்கு ஒரு வாசனை உண்டு. மழைக்காலத்தில் அலமாரியின் அடித்தட்டில் மறந்துபோன பள்ளிப் பையைத் திறந்தால் வருமே, அதில் பாதி. மீதி, சூடேறிய பிளாஸ்டிக். எந்திரத்துக்குள் டேப்பைத் தள்ளியதும் அது "கர்ர்" என்று விழுங்கிக்கொள்ளும், திரையில் கொஞ்ச நேரம் புள்ளி புள்ளியாக மழை பெய்யும், பிறகு எங்கோ ஒரு குளிர்தேசத்தில் ஒரு பெரிய பங்களா தெரியும். என் பதினொன்றாம் வயதில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு வாசனை என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

அப்போது நாங்கள் புக்கிட் ரம்பாயில், தொழிற்சாலைகளை ஒட்டிக் கட்டிய மலிவு விலை வீட்டு வரிசையொன்றில் இருந்தோம். ஜாசின் பக்கம் இருந்த ரப்பர் தோட்டம் கைமாறி, லயத்துக் குடும்பங்கள் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்தபோது, அப்பா ஆரோக்கியசாமி தொழிற்சாலையில் ஷிப்டு வேலை தேடிக்கொண்டு எங்களை இந்தத் தாமான் குடியிருப்புக்கு அழைத்து வந்திருந்தார். அம்மா, என்னைவிட நான்கு வயது மூத்த அண்ணன் அந்தோணி, ரீத்தாவாகிய நான், நடுக்கூடத்துச் சுவரில் மாதா படம், அதன் முன்னால் ஒரு கண்ணாடிப் போத்தலில் பூ. எங்கள் வீடு அவ்வளவுதான்.

கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் தம்பையா அங்கிள் தனியாக இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க அலுவலகத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இறந்துவிட்டார், மகன் கோலாலம்பூரில். வீட்டுக்குள் இருக்கும்போதுகூட இஸ்திரி போட்ட சட்டையோடு இருக்கும் மனிதரை நான் அவருக்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. அவரிடம் மூன்று செல்வங்கள் இருந்தன. வேலியோரம் வரிசையாகத் தட்டுகள்மேல் நிறுத்திவைத்த ஆர்க்கிட் தொட்டிகள். அலமாரி நிறைய ஆங்கிலத் துப்பறியும் நாவல்கள். வரிசையிலேயே ஒரே ஒரு வீடியோ எந்திரம். சனிக்கிழமை தோறும் பஸ் ஏறி மலாக்கா டவுனுக்குப் போய், தான் படித்த நாவல்களில் ஏதாவதொன்றைப் படமாக எடுத்திருந்தால் அந்த டேப்பை வாடகைக்கு எடுத்து வருவார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூசைக்குப் போய் வந்து, சாப்பிட்டு, பின்வாசல் வழியாக அவர் வீட்டுக்குப் போய்விடுவோம். திரைச்சீலைகளை இழுத்து விடுவது என் பொறுப்பு.

எல்லாப் படமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஒரு பணக்காரர் சாவார், வீட்டில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள், எல்லோரும் ஏதாவதொன்றை மறைப்பார்கள், கடைசியில் துப்பறிவாளர் எல்லோரையும் பெரிய கூடத்துக்கு வரச் சொல்வார். அந்த இடம் வந்ததும் அங்கிள் பொத்தானை அழுத்திப் படத்தை நிறுத்திவிடுவார். ஆட்கள் நாற்காலியில் பாதி உட்கார்ந்தபடி நிற்க, திரையின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு நடுங்கிக்கொண்டே இருக்கும். அதற்கு எங்கள் வீட்டில் "தாள் போடுற நேரம்" என்று பெயர். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கொலைகாரர் யாரென்று ஆளுக்கொரு பெயரை எழுதி, நான்காக மடித்து, பழைய பிஸ்கட் டின்னுக்குள் போட வேண்டும். ஒருவரையொருவர் கலந்து பேசக் கூடாது. அங்கிள் மட்டும் எழுத மாட்டார், அவர்தான் கதையைப் படித்துவிட்டாரே. அப்பா எத்தனையோ விதமாக அவர் வாயைக் கிளறிப் பார்ப்பார். "முடிவு தெரிஞ்ச ஆள் வாய் திறக்கப்படாது, ஆரோக்கியம். அது கதைக்குச் செய்யிற துரோகம்" என்பதோடு சரி. படம் முடிந்ததும் தாள்களைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் "சரி" அல்லது "பிழை" என்பார், வேறொன்றும் சொல்ல மாட்டார். சரியாகச் சொன்னவருக்குத் தோட்டத்திலிருந்து ஒரு கொத்து ஆர்க்கிட் பூ. யார் ஜெயித்தாலும் அந்தப் பூ எங்கள் வீட்டு மாதாவுக்கு முன்னால் உள்ள போத்தலுக்குத்தான் போகும். அங்கிள் திருநீறு பூசுகிறவர், ஆனால் அதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, திரையின் அடியில் ஓடும் மலாய் எழுத்துகளின் வேகத்துக்கும் ஈடுகொடுக்க முடியாது. அண்ணன்தான் உடனுக்குடன் தமிழாக்கிச் சொல்லுவான். அவன் வாயில் அந்தப் பிரபுக்களெல்லாம் எங்கள் தாமான் ஆட்களாகிவிடுவார்கள். "கெழவர் ரூமுக்கு யாரு போனதுன்னு கேக்குறாரும்மா. இந்தம்மா மழுப்புது பாருங்க. பொய்லா, அத்தனையும் பொய்." அம்மா ஒருநாளும் வேலைக்காரியின் பெயரை எழுதியதில்லை. "ஒரு சாமான் காணோம்னா மொதல்ல அவ பையத்தான் தொறந்து பாப்பாங்க. நானும் அவளையே சொல்லணுமா?" என்று கேட்பார், அதனால் ஒரு தடவை தோற்றும் போனார். அப்பாவுக்கு எப்போதும் டாக்டர்மேல்தான் சந்தேகம். அண்ணனுக்கு ஒரு சூத்திரம் இருந்தது. "யாரு ரொம்ப அழுவுறாங்களோ அவங்கதான்" என்பான். பாதிக்குப் பாதி அது பலித்தும்விடும். தன் தாளின் மூலையில் ஒரு சின்னச் சிலுவை போட்டுத்தான் மடிப்பான், அதிர்ஷ்டத்துக்காக.

தோட்டத்து ஆட்களான எங்களுக்கு இந்தப் படங்கள்மேல் ஏன் அப்படி ஒரு பித்து என்று பின்னாளில் யோசித்திருக்கிறேன். அப்பாதான் ஒருமுறை சொன்னார், படம் பார்த்துவிட்டு வந்து கை கழுவிக்கொண்டே. "தோட்டத்துல பாம்பு கடிச்சுச் செத்தான், லோரி மோதிச் செத்தான், மரத்துல தொங்கினான். எவன் வந்து கேட்டான்? இங்க பாரு, ஒரு கெழவன் செத்ததுக்கு ரெண்டு மணி நேரம் ஒவ்வொருத்தனையா நிக்க வச்சுக் கேக்குறான்." அதுதான் காரணமென்று இன்றும் நினைக்கிறேன். அந்தப் படங்களில் ஒரு சாவுக்குக் கட்டாயம் ஒரு பெயர் இருக்கும், இரண்டு மணி நேரம் பொறுத்தால் போதும்.

நான் ஒரே ஒரு முறைதான் ஜெயித்தேன். மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு பள்ளி விடுமுறையில், யாருமே எழுதாத ஒரு மருமகளின் பெயரை நான் எழுதியிருந்தேன். அங்கிள் "சரி" என்றார். ஊதாவும் வெள்ளையுமாக ஒரு நீண்ட கொத்து எனக்குக் கிடைத்தது. போத்தல் தண்ணீரைச் சனிக்கிழமைதோறும் மாற்றுவது எனக்கு அம்மா கொடுத்திருந்த வேலை. ஆனால் இந்தப் பூவை என்னால் விட முடியவில்லை. மாற்றப் போனால் "வாடிப்போச்சே, தூக்கிப் போடு" என்று அம்மா சொல்லிவிடுவாரோ என்று பயந்து, மேலாக ஒரு கிளாஸ் தண்ணீரை ஊற்றிவிட்டு, "மாத்திட்டேம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்து வந்த படங்களில் யாருமே சரியாகச் சொல்லாததால் புதுப் பூவும் வரவில்லை, நான்கு சனிக்கிழமைகள் அப்படியே போயின.

நாங்கள் கடைசியாகப் பார்த்த படத்தில் ஒரு ஏரி இருந்தது, கரையில் ஒரு வீடு, கவிழ்ந்த படகு. படத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அண்ணன் அன்று போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்திருந்தான். முந்தின நாளே காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றான், ஆனாலும் அவன் வராவிட்டால் அம்மாவுக்கு யார் சொல்வது? தாள் போடும் நேரம் வந்தது. நான்கு பேரும் எழுதிப் போட்டோம். அதற்குமேல் அவனால் உட்கார முடியவில்லை, எழுந்து போய் வாசலில் வாந்தி எடுத்தான். அங்கிள் எந்திரத்தை அணைத்தார். "தம்பிக்குச் சுகமாகட்டும். வாற கிழமை மிச்சத்தைப் பாப்பம். டின் என்னட்ட இருக்கட்டும்" என்றார்.

கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். புதன்கிழமை காய்ச்சல் இறங்கியது, எல்லோரும் மூச்சு விட்டோம், அண்ணன் கஞ்சி குடித்தான். டெங்கியில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் ஆபத்தான நாள் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. வியாழக்கிழமை ஈறில் ரத்தம் வந்தது, அங்கிள்தான் ஓடிப்போய்க் கார் பிடித்து வந்தார். வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடங்கள் மணியடிக்கும் நேரத்தில், அண்ணன் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். அவனுக்குப் பதினைந்து வயது. சவப்பெட்டிக்கு முன்னால் நான் அழுத அழுகையைப் பார்த்து, அம்மாவை விட்டுவிட்டு எல்லோரும் என்னைத் தேற்றினார்கள். எனக்கு அப்போதே அண்ணனின் சூத்திரம் நினைவுக்கு வந்தது, ஆனால் ஏன் வந்தது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை காலையில் தெரிந்தது. சுகாதார இலாகா ஆட்கள் வீடு வீடாக வருகிறார்கள், டார்ச் அடித்துத் தண்ணீர் நிற்கும் இடத்தையெல்லாம் பார்க்கிறார்கள் என்று தெருப்பிள்ளைகள் ஓடிவந்து சொன்னார்கள். பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருந்த "ஜெந்திக் ஜெந்திக்" படம், கொசுப் புழுவைப் பெரிதாக்கிப் போட்டிருப்பார்களே, அது என் கண்முன் வந்தது. நான் கூடத்துக்குப் போய்ப் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பூ எப்போதோ கருகியிருந்தது. தண்ணீருக்குள் அவை தலைகீழாகத் தொங்கி, போத்தல் அசைந்ததும் நெளிந்து நெளிந்து கீழே இறங்கின.

தடயத்தை அழிப்பது எப்படியென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பின்பக்கம் கொண்டுபோய் லோங்காங் சாக்கடையில் கொட்டி, குழாயைத் திறந்து அவையெல்லாம் ஓடுகிறவரை விட்டு, சோப்புப் போட்டுப் பிரஷால் போத்தலைத் தேய்த்தேன். "பிள்ளை, சவுக்காரம் வழுக்கும். போத்தலைக் கவனமாப் பிடி" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. தம்பையா அங்கிள் கையில் வாளியோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. நான் போத்தலோடு உள்ளே ஓடினேன்.

எங்கள் வீட்டில் அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அங்கிளின் ஆர்க்கிட் தட்டுகளில் கிடைத்தது. அந்த ஒரு வாரமாக அவர் கிளினிக்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் கல்லறைக்குமாக எங்களுக்காகவே அலைந்துகொண்டிருந்தார், தட்டுகளில் மழைத்தண்ணீர் தேங்கியதைக் கவனிக்கவில்லை. அந்தப் புழுக்கள் கொசுவாகிப் பறந்து அண்ணனைக் கடித்திருக்க நாளே போதாது. இந்தக் கணக்கை நான் பெரியவளான பிறகுதான் போட்டேன். அன்று யாரும் கணக்குப் போடவில்லை. அதிகாரிகள் அபராதச் சமான் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனதும் அப்பா வேலியோரம் போனார். துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் வாசலில் நின்றிருந்தார்கள்.

"பெரிய கிராணி, பெரிய படிப்பு! கொசு வளத்து எம் புள்ளையக் கொன்னுட்டீங்களேய்யா!"

அப்பா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. எங்கள் ஆட்கள் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாகக் கிராணிமார்களிடம் விழுங்கி வைத்ததெல்லாம் அந்த ஒரு சொல்லில் வந்து விழுந்தது. அங்கிள் வாசலில் நின்றிருந்த கூட்டத்தைப் பார்த்தார், என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார், பிறகு அப்பாவிடம் திரும்பினார்.

"நான் பாத்திருக்கோணும், ஆரோக்கியம். என்ர பிழை" என்றார்.

நான் வாயைத் திறந்திருக்கலாம். படத்தில் இப்படி ஒரு கட்டம் வந்தால் யாராவது ஒருவர் எழுந்து "நிறுத்துங்கள், நான்தான்" என்று சொல்லுவார். நான் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். பதினொரு வயதுதானே என்று என் கணவர் சொல்கிறார். அந்த வயதில் கொலைகாரியைக் கண்டுபிடிக்கத் தெரிந்த எனக்கு, வாயைத் திறக்கவா தெரியாமல் போயிற்று?

மறுநாள் அங்கிள் தொட்டிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். வேரோடு செடிகள் வெயிலில் கிடந்து காய்ந்தன. சில மாதங்களில் மகன் வந்து அவரைக் கோலாலம்பூருக்கு அழைத்துப் போய்விட்டார், எங்கள் வீட்டிலிருந்து யாரும் வாசலுக்குக்கூடப் போகவில்லை. அம்மா மாதாவுக்கு முன்னால் பிளாஸ்டிக் பூ வைத்தார். அதன்பிறகு அப்பாவின் பேச்சில் அவர் "அந்தாளு" ஆனார், முப்பது வருடத்துக்கு மேல். அம்மா போன பிறகும் அது மாறவில்லை. நானோ படித்தேன், வேலைக்குப் போனேன், ஆயர் குரோவில் குடும்பமானேன், ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பாவைப் பார்க்க வந்தேன், ஒவ்வொரு ஞாயிறும் அடுத்த ஞாயிறு சொல்லிவிடலாம் என்று திரும்பினேன். அந்தமாதிரிப் படங்களை இப்போதும் பார்க்கிறேன், எல்லோரையும் கூடத்துக்கு அழைக்கும் இடம்வரை மட்டும். அதற்குமேல் என்னால் உட்கார முடிவதில்லை.

இந்த வருடம் ஒரு மத்தியானம் தலை நரைத்த ஒருவர் அப்பா வீட்டு வாசலில் காரை நிறுத்தினார். தம்பையா அங்கிளின் மகன். அங்கிள் இறந்துவிட்டார், வீட்டை ஒழிக்கும்போது இது கிடைத்தது என்று ஒரு பிஸ்கட் டின்னை நீட்டினார். விளிம்பெல்லாம் துரு. மூடியைச் சுற்றி ஒட்டியிருந்த டேப் மஞ்சளாகிப்போயிருந்தது. "அப்பா ஒருத்தரையும் திறக்க விடேல்லை. படம் பாத்து முடியேல்லை, தாள் பிரிக்கப்படாது எண்டு சொல்லுவார். உங்கட ஆக்களிட்டத்தான் குடுக்கோணும் எண்டவர்."

அப்பா நாற்காலியைவிட்டு எழவில்லை. "அந்தாளு வூட்டுச் சாமான் உள்ள வரக்கூடாது" என்றார். டின் மூன்று வாரம் வெளியே செருப்புத் தட்டின்மேல் கிடந்தது.

நான்காவது ஞாயிறு, சாப்பிட்ட பிறகு, அந்த ஏரிக்கரைப் படத்தைத் தேடி எடுத்து அப்பாவின் தொலைக்காட்சியில் போட்டேன். இப்போது எல்லாம் விரல் நுனியில் கிடைக்கிறது, வாசனைதான் இல்லை. என்ன படமென்று அப்பாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன், போகவில்லை. துப்பறிவாளர் எல்லோரையும் அழைக்கும் இடத்தில் நிறுத்தினேன். படம் அசையாமல் நின்றது, நடுங்கும் கோடு எதுவும் இல்லை. காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, எழுதி, நான்காக மடித்து அப்பாவின் கையில் கொடுத்தேன்.

அவர் அதைப் பிரித்து, கண்ணுக்குத் தூரமாகப் பிடித்து, ரொம்ப நேரம் படித்தார். "ரீத்தான்னு எழுதியிருக்க. படத்துல அப்படி யாரும் இல்லியேம்மா."

"படத்துக்கு இல்லப்பா" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். நான் ஜெயித்த பூ, நான்கு சனிக்கிழமை, போத்தலில் நெளிந்தவை, பிரஷ், சோப்பு. ஆஸ்பத்திரிக்கும் கல்லறைக்கும் அலைந்தவரின் தட்டுகளில் தேங்கியது அந்த வாரத்து மழை என்பதையும் சொன்னேன். எது கடித்ததென்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது, பள்ளிக்கூடத்துக் கொசுவாகக்கூட இருக்கலாம், ஆனால் அவர் வீட்டுக் கொசுவாக மட்டும் இருந்திருக்க முடியாது என்றேன். முப்பது வருடமாக அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிப்போட்டது, சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்தான் ஆனது. அப்பா என்னை ஏசவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அவருக்குத் தெரியுமா?"

"பாத்தாருப்பா. நான் போத்தல் கழுவுறப்ப வேலிக்கு அந்தாண்டதான் நின்னாரு."

தொலைக்காட்சி சற்று நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானாகவே அணைந்துபோனது. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டே வாசலுக்குப் போய், டின்னை எடுத்துத் தன் சட்டை முனையால் துடைத்து உள்ளே கொண்டுவந்தார். நகத்தால் டேப்பைப் பிரித்தார். நான்கு தாள்கள் இருந்தன. மூலையில் சிலுவை போட்ட தாளை மட்டும் எடுத்து, பிரித்துப் படித்து, மறுபடி அதே மடிப்பில் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அண்ணன் யார் பெயரை எழுதியிருந்தான் என்று நான் கேட்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு போனபோது தெருவைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். கம்பி வேலி இருந்த இடத்தில் ஆளுயரச் சுவர். அங்கிள் வீட்டில் இப்போது தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த நேப்பாளப் பையன்கள் பத்துப் பேர் தங்கியிருக்கிறார்கள், ஆர்க்கிட் தொட்டிகள் நின்ற இடத்தில் அவர்களுடைய சைக்கிள்கள். டவுனில் அந்த வீடியோ கடை எது என்று கேட்டால் காட்டக்கூட ஆளில்லை. உள்ளே போனேன். டின் அண்ணன் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மாதாவுக்கு முன்னால் பிளாஸ்டிக் பூவைக் காணோம், போத்தலில் ஊதாவும் வெள்ளையுமாக ஒரு கொத்து ஆர்க்கிட், தண்ணீர் தெளிவாக இருந்தது. இந்த வயதில் அப்பா தனியாகப் பசாருக்குப் போய் வாங்கி வந்திருக்கிறார். நான் அதைச் சரியாக நிறுத்திவைக்கலாமென்று கையை நீட்டினேன்.

"சனிக்கெழம சனிக்கெழம நானே மாத்திக்கிறேன்" என்றார் அப்பா, நாற்காலியிலிருந்தே, என் பக்கம் திரும்பாமல். "நீ தொடாத."